மெக்ரிட்சி நீர்த்தேக்கம்: அப்பா அம்மாவோடு முழுச் சுற்றும் நடக்கலாமா?

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து அப்பா (66), அம்மா (61) வருகிறார்கள். அவர்களையும் 9 வயது மகனையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குப் போய் ட்ரீடாப் வாக் தொங்குபாலத்தைக் காட்டணும்.

திட்டம் இதுதான். கூட்டம் இருக்காது என்று திங்கள்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காலை 10 மணிக்கு லோர்னி சாலைப் பக்கம் பூங்காவில் தொடங்கி, பாலம் ஏறி, ஜெலுத்தோங் காட்சிக் கோபுரம், கோல்ஃப் லிங்க், லோர்னி பாதை வழியாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருவது. வழியில் உட்கார்ந்து சாப்பிடப் புளிசாதமும் வடையும் கட்டிக்கொண்டு போகலாம் என்று அம்மா சொல்கிறார்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரைதான், ஊசி இல்லை. ஊரில் தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பவர். அம்மாவுக்கு இடது முழங்காலில் வலி, அதுவும் படி இறங்கும்போதுதான். இந்தத் திட்டம் சரிப்படுமா? எவ்வளவு தண்ணீர், என்ன மாதிரிக் காலணி என்றும் சொல்லுங்கள்.

காட்டுவழி:

முதல்ல கிழமையை மாத்துங்க. பாலம் திங்கட்கிழமை மூடியிருக்கும். அந்தத் திங்கள் பொது விடுமுறையா இருந்தா மட்டும் திறப்பாங்க. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5, சனி ஞாயிறு பொது விடுமுறைன்னா 8.30 முதல் 5. கடைசியா உள்ளே விடுறது 4.45க்கு. கட்டணம் கிடையாது. நீங்க சொல்ற பாதையில 4.5 கிலோமீட்டர் நடந்து போய்ப் பூட்டின கதவு முன்னாடி நின்னா, பையனைச் சமாதானப்படுத்த முடியாது.

அடுத்தது தொடங்குற இடம். லோர்னி சாலைப் பூங்காவிலிருந்து பாலம் 4.5 கி.மீ. வீனஸ் டிரைவ் கார் நிறுத்துமிடத்திலிருந்து வின்சர் இயற்கைப் பூங்கா வழியா வந்தா 2.5 கி.மீ.தான். முழுச் சுற்றுன்னு எல்லாரும் சொல்றது 11 கி.மீ. பக்கம் வரும். பழகினவங்களுக்கே நிறுத்தி நிறுத்திப் போனா 4 மணி நேரம் பிடிக்கும். உங்க அப்பா நாலு கிலோமீட்டர் நடக்கிறார்னா அது சமதரை, தார் ரோடு. இங்கே சரளை, களிமண், வேர், ஏற்ற இறக்கம். ஊர்ல நடக்கிற தூரத்தை இங்கே பாதியாக் கணக்குப் போடுங்க.

அதனால வீனஸ் டிரைவ். காரில வராட்டி அப்பர் தாம்சன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு பதினைந்து நிமிஷம் நடக்கணும். அந்தக் கார் நிறுத்துமிடம் சின்னது, சனி ஞாயிறு காலையில சீக்கிரமே நிறைஞ்சிடும். கழிவறை அங்கேயே இருக்கு, கிளம்பும்போதே எல்லாரும் போயிடுங்க. அடுத்தது பாலத்துக்கு முன்னாடி வர்ற ரேஞ்சர் (வனக்காவலர்) நிலையத்தில்தான்.

இங்கே பலர் தவறவிடுற ஒரு கணக்கு இருக்கு. காடு காலை 7க்குத் திறக்கும், பாலம் வார நாளில் 9க்குத்தான். 7 மணிக்கே உற்சாகமாக் கிளம்பினா 8க்கெல்லாம் ரேஞ்சர் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கணும். 10க்குக் கிளம்பினா திரும்புற நேரம் உச்சி வெயில். வார நாள்னா 8 மணிக்கு நடக்க ஆரம்பிங்க. பெரியவங்க வேகத்தில் 9ஐ ஒட்டிப் பாலத்துக்கு வருவீங்க, 11க்குள்ள வெளியே வந்துடலாம்.

பாலத்தைப் பத்தி: நீளம் 250 மீட்டர், தரையிலிருந்து மிக உயரமான இடத்தில் 25 மீட்டர். புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங்னு ரெண்டு மேட்டை இணைக்குது. 2004ல திறந்தாங்க. அகலம் குறைவு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான். முக்கியமான விஷயம், அது ஒருவழி. நடுவில பயந்துபோய்த் திரும்ப முடியாது. இறங்கினதும் பெட்டாலிங் பாதை, மரப்பலகை நடைபாதை, அதில படிகள் நிறைய. அம்மாவோட முழங்காலுக்கு அதுதான் சோதனை. பாலமே ஆடும், ஆனா இரண்டு பக்கமும் இடுப்புக்கு மேல கம்பி வலை இருக்கு. உயரம் பயம்னா கீழே பார்க்காம முன்னால போறவர் முதுகைப் பார்த்து நடக்கச் சொல்லுங்க.

கிளம்புறதுக்கு முந்தின நாள் தேசியப் பூங்காக் கழக இணையத்தளத்தில் மூடல் அறிவிப்பு இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. பலகை மாத்துற வேலை, மரம் விழுந்ததுன்னு பாதைகளை அவ்வப்போது அடைப்பாங்க.

மழைக்குருவி:

காட்டுவழி சொன்ன நேரத்தோடு வானிலையையும் சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடி இடிக்கிறது. பெரும்பாலும் பிற்பகலில் கட்டும். ஜூனில் இன்னொன்றும் உண்டு, சுமத்திரா சூறை. மலாக்கா நீரிணைப் பக்கம் உருவாகி, விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து வரிசையாக வந்து அடிக்கும். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், பலத்த காற்றோடு. ஆகவே "காலையில் மழை வராது" என்று நம்பிப் போகக்கூடாது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஈஎன்வி செயலியில் மழைப் படலம் நகர்வது தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை, காட்டுக்குள் நுழையும் முன் ஒருமுறை பாருங்கள். மேற்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நீளப் பட்டை நம்மை நோக்கி வந்தால் அன்றைக்கு வேறெங்காவது போங்கள்.

மின்னல் என்றால் பாலத்தை மூடிவிடுவார்கள். ஜெலுத்தோங் கோபுரம் ஏழு மாடி உயரம், மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்பது. முதல் இடி கேட்டதும் இறங்கிவிடணும், "ஒரே ஒரு படம்" என்று நிற்கக்கூடாது. பாதையில் மாட்டிக்கொண்டால் ரேஞ்சர் நிலையம் கிட்டே இருந்தால் அங்கே போங்கள். தூரமென்றால் ஒரு பெரிய மரத்தடியில் கூட்டமாக நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். சூறையில் மின்னலைவிட விழும் கிளைதான் அடிக்கடி ஆபத்து. மழை விட்ட பிறகும் ஈரம் ஏறிய கிளை முறியும், உடனே உள்ளே போக வேண்டாம்.

அடுத்தது புழுக்கம். திருச்சி வெயில் தாங்கியவர்களுக்குச் சிங்கப்பூர் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் அங்கே வியர்வை காயும், உடம்பு குளிரும். இங்கே காலை எட்டு மணிக்குக் காட்டுக்குள் காற்றில் ஈரம் தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டி இருக்கும். வியர்வை காயாமல் சொட்டும், உடம்புச் சூடு இறங்காது. நிழலில்தானே நடக்கிறோம் என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். நாலு பேர், மூன்று மணி நேரம், 6 லிட்டர், அதாவது 6 கிலோ. ஒரே பையில் ஏற்றாதீர்கள். பையனிடம் அரை லிட்டர், பெரியவர்களிடம் ஆளுக்கு ஒரு லிட்டர், மீதி உங்களிடம். அதில் ஒரு லிட்டரில் மட்டும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் கலந்து தனியாக வையுங்கள். உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கலக்கணும், கெட்டியாகக் கலந்தால் கெடுதல். அதில் சர்க்கரையும் இருப்பதால் அப்பா அதைத் தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீராக நினைக்க வேண்டாம்.

அப்பாவின் மாத்திரை எது என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையில் சர்க்கரை தடாலென்று இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை சேர்ந்திருந்தால் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு மூன்று மணி நேரம் ஏறி இறங்குவது சரியல்ல. ஊரில் கிளம்பும் முன்பே அவருடைய மருத்துவரிடம் இதைக் கேட்டு வரச் சொல்லுங்கள். அன்று காலை இட்லியோ இடியாப்பமோ வழக்கமான அளவு சாப்பிட்டுவிட்டே வரணும். சட்டைப்பையில், முதுகுப்பையில் அல்ல, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் எரிச்சல், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே உட்கார வைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். எல்லாருக்கும் வியர்க்கிற இடத்தில் அவர் வியர்வை வித்தியாசமாகத் தெரியாது. பேச்சு குறைகிறதா என்று கவனிப்பதுதான் நல்ல அடையாளம்.

படித்துறை:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். படி இறங்கும்போது வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு அம்மா பாலத்துக்கே போகவேண்டாம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்கணும், முழங்கால் சில்லின் பின்னால் அழுத்தம் கூடும். பெட்டாலிங் பாதையில் அது அம்பதாவது படியில்தான் தெரியவரும். அப்போது திரும்பவும் வழியில்லை, ஒருவழி என்று மேலேயே சொல்லிவிட்டார்கள்.

இரண்டு அணியாகப் பிரியுங்கள். நீங்களும் பையனும், அப்பா விரும்பினால் அவரும், வீனஸ் டிரைவ் வழியாகப் பாலத்துக்குப் போங்கள். அம்மாவுக்கு வேறொரு நாள் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம். பழைய அப்பர் தாம்சன் சாலையில் இருக்கிறது, தண்ணீரை ஒட்டியே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பலகைப் பாதை, பெரும்பாலும் சமம். மரநிழல், உடும்பு, மீன்கொத்தி எல்லாம் அங்கேயே கிடைக்கும். மெக்ரிட்சிதான் வேண்டுமென்றால் லோர்னி சாலைப் பூங்காவில் தண்ணீர் ஓரமாகப் போகும் பலகைப் பாதைகளில் (புரூனஸ், செம்பராய் என்று பெயர்ப்பலகை இருக்கும்) அரை மணி நேரம் போய், முட்டி சொல்கிற இடத்தில் திரும்பிவிடலாம். பாலத்தில் அந்த வசதி இல்லை.

அப்படியும் அவர் பாலத்துக்கு வந்தே தீருவேன் என்றால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மலையேற்றத் தடி ஒன்று வாங்குங்கள். பிடியைப் பிடித்து நிற்கும்போது முழங்கை தொண்ணூறு பாகை மடங்குகிற உயரத்தில் வைத்துத் திருகுங்கள், இறங்கும் படிகளில் ஐந்து சென்டிமீட்டர் நீட்டுங்கள். முனையில் ரப்பர் குமிழ் கட்டாயம். வெறும் இரும்பு முனை பலகை இடுக்கில் மாட்டினால் தடி நிற்கும், ஆள் போய்க்கொண்டே இருப்பார். இடது முழங்கால் வலி என்றால் தடி வலது கையில். இறங்கும்போது முதலில் தடி, கூடவே வலிக்கிற கால், பிறகு நல்ல கால்.

மழை பெய்த மறுநாள் பலகை மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும். குனிந்து பார்த்தால் பலகையின் நிறம் ஓரங்களில் பச்சையாகவும், எல்லாரும் மிதிக்கிற நடுவில் வெளிறியும் தெரியும். அந்த வெளிறிய கோட்டில் நடங்கள். ஆணித் தலைகள் வரிசையாகத் தெரிகிற இடத்தில்தான் அடியில் உத்திரம் ஓடுகிறது. பலகை துள்ளுகிற மாதிரி இருந்தால் காலை அந்த வரிசை மேல் வையுங்கள்.

காலணிக்குப் பெரிய செலவு வேண்டாம், அடியில் ஆழமான பள்ளம் உள்ள சாதாரண ஓட்டக் காலணி போதும். ஒன்றே ஒன்று: பல வருஷம் பெட்டிக்குள் கிடந்த, புதுசு போலத் தெரிகிற ஷூவை ஊரிலிருந்து எடுத்து வரச் சொல்லாதீர்கள். நடு அடிப்பாகத்தில் இருக்கிற பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். மேலே தோல் பளபளக்கும், நடக்க ஆரம்பித்து அரை மணியில் அடிப்பாகம் தோசை மாதிரி கழன்று வரும். கட்டைவிரலால் பக்கவாட்டு நுரையை அழுத்திப் பாருங்கள். நுணுங்கினாலோ வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். செருப்பு வேண்டவே வேண்டாம், வேர் தடுக்கினால் விரல்தான் முதலில் அடிபடும்.

வாலில்லாதவன்:

புளிசாதத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. உணவுப் பையோடு இந்தக் காட்டுக்குள் போகாதீர்கள். நீள்வால் குரங்குகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. பிளாஸ்டிக் பை சரசரத்தால் சாப்பாடு என்று அவற்றுக்கு மனப்பாடம். உள்ளே வெறும் துண்டும் குடையும் இருந்தாலும் பறிக்கும். ஆகவே கையில் எந்தப் பையும் வேண்டாம், ஜிப் உள்ள முதுகுப்பை மட்டும். முதுகுப்பையின் பக்க வலையில் தண்ணீர்ப் புட்டியைச் செருகாதீர்கள், முதலில் அதைத்தான் உருவும். புட்டி உள்ளே, ஜிப் முழுக்க மூடி. குரங்குகள் பாதையில் உட்கார்ந்திருந்தால் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, அதே வேகத்தில், ஓரமாகக் கடந்துபோங்கள்.

பையனுக்கு முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிக்கொடுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. பல் தெரியச் சிரிக்கக் கூடாது, அவன் நட்பாகச் சிரிப்பது அதற்கு வேறு சேதி. ஓடக் கூடாது. குட்டி பக்கத்தில் இருந்தால் படம் எடுக்கக் கிட்டே போகவும் கூடாது. ஒருவேளை எதையாவது பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுபறி போட்டால் கடிக்கும்.

ஒரு வடையைப் பிய்த்துப் போட்டால் என்ன என்று பெரியவர்களுக்குத் தோன்றும். ஊரில் கோயில் குரங்குக்குக் கொடுத்துப் பழகிய கை அது, மனசில் கெடுதல் இல்லை. ஆனால் ஆளிடமிருந்து சாப்பாடு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட குரங்குதான் பிறகு குழந்தைகளிடம் பறிக்கிறது, அடுக்குமாடிகளுக்குள் நுழைகிறது, கடைசியில் பிடிபடுகிறது. சட்டமும் கடுமை: 2020 ஜூனிலிருந்து வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். இதை வந்து இறங்கிய அன்றே அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், காட்டுக்குள் வைத்துச் சொன்னால் மனம் கஷ்டப்படும்.

புளிசாதம் காரிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளியே வந்து அப்பர் தாம்சன் சாலையில் சூடாகப் பரோட்டா சாப்பிடுங்கள், அந்தச் சாலையில் கடைக்குப் பஞ்சமில்லை. அப்பாவுக்கு அவசரத்துக்கு வேண்டியது மேலே சொன்ன குளுக்கோஸ் பொட்டலம்தான், அதற்கு வாசனையும் இல்லை.

கொசு: பகலில் கடிக்கிற ஏடிஸ் வகைதான் டெங்கி பரப்புவது. 20 முதல் 30 விழுக்காடு டீட் (கொசு விரட்டும் மருந்து) உள்ள தைலத்தைக் கணுக்கால், பின்கழுத்து, காதுமடல் பின்னால் தடவுங்கள். வெயில் களிம்பு போடுவதென்றால் முதலில் அது, காய்ந்த பிறகு இது.

ஈசூன்வாசி:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. திங்கள்கிழமை மூடல் என்று தெரியாமலே லீவு போட்டிருந்தேன், புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். புதுத் திட்டம்: புதன் காலை 8 மணிக்கு வீனஸ் டிரைவ், அப்பா, மகன், நான். சனிக்கிழமை அம்மாவோடு எல்லாரும் லோவர் பியர்ஸ். அப்பாவுக்குக் கிளிமிபிரைடு உண்டு, மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். உள்ளே யாருக்காவது முடியாமல் போனால் எந்த இடம் என்று எப்படிச் சொல்வது? அப்பாவுக்கு வரலாற்றில் ஆர்வம், காட்டுக்குள் ஜப்பானியர் கட்டிய கோயில் இருக்கிறதாமே, பார்க்க முடியுமா?

காட்டுவழி:

ஆம்புலன்ஸ் எண் 995க்கு மைரெஸ்பாண்டர் செயலி வழியா அழைச்சா நீங்க இருக்கிற இடமும் சேர்ந்தே போகும். இன்னைக்கே போன்ல போட்டு வைங்க. கூடவே, ஒவ்வொரு சந்திப்புத் திசைப்பலகையையும் கடக்கும்போது பையனை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. "பியர்ஸ் பாதைன்னு போட்ட பலகையைத் தாண்டிப் பத்து நிமிஷம், பாலத்தை நோக்கி"ன்னு சொன்னா வர்றவங்களுக்கு அது போதும். வரைபடத்தைப் போன்ல படமாச் சேமிச்சு வைங்க, மரம் அடர்ந்த இடத்தில் இணையம் விட்டு விட்டு வரும்.

பெட்டாலிங் பாதையிலிருந்து இறங்கினதும் வீனஸ் டிரைவ் பலகையைப் பார்த்துத் திரும்புங்க. கவனிக்காம மெக்ரிட்சி பக்கம் போயிட்டா அப்பாவுக்குக் கூடுதல் கிலோமீட்டர்கள் வெயில் ஏறின நேரத்தில் வந்து சேரும்.

படித்துறை:

கோயில் பற்றி: சியோனான் ஜின்ஜா. 1942இல் ஜப்பானியர் ஆட்சியில் போர்க்கைதிகளின் உழைப்பில் எழும்பியது. 1945இல் சரணடையும் முன் ஜப்பானியர்களே அழித்துவிட்டார்கள். இப்போது மிச்சமிருப்பது படிக்கட்டுகளும் கருங்கல் நீர்த்தொட்டி ஒன்றும். 2002இல் வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள், ஆனால் அங்கே போகப் பாதை கிடையாது. குறித்த பாதையை விட்டு விலகுவது இந்த வனப்பகுதியில் குற்றம், வழியும் தவறும். போக வேண்டாம்.

அப்பாவுக்குக் காட்ட வேண்டிய வரலாறு கண்ணெதிரே இருக்கிறது, அந்தத் தண்ணீர்தான். 1857இல் வணிகர் டான் கிம் செங் நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளி கொடுத்தார். நீர்த்தேக்கம் 1868இல் முடிந்தது, சிங்கப்பூரில் இதுதான் மூத்தது. 1890களில் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி அதைப் பெரிதாக்கினார், 1922இல் அவர் பெயரை வைத்தார்கள். சுற்றியுள்ள காட்டை வெட்டினால் மண் கரைந்து தண்ணீர் கெடும் என்பதால்தான் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இதைக் காத்தார்கள். காவிரிக்கரையில் வாழ்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, கரையில் நின்று காட்டினால் போதும். சனிக்கிழமை லோவர் பியர்ஸ் முடிந்து நேரம் இருந்தால், மாலை 5 மணிக்கு மேல் லோர்னி சாலைப் பூங்காவுக்கு அம்மாவையும் கூட்டிவாருங்கள். தண்ணீருக்குள் நீளும் ஜிக்ஜாக் பாலம் சமதரை, படியில்லை. அங்கிருந்து நீர்த்தேக்கம் நன்றாகத் தெரியும்.

மழைக்குருவி:

சனிக்கிழமை மாலை என்றால் பிற்பகல் மழை ஓய்ந்ததா என்று மறக்காமல் பாருங்கள். சூரியன் மறைவது 7 மணிக்குச் சற்றுப் பின், மரத்தடியில் ஆறரைக்கே மங்கிவிடும். புதன்கிழமைக்கு அப்பாவின் சர்க்கரைமானியை எடுத்துவந்தால் ஸ்ட்ரிப் டப்பாவைக் காரில் விடாதீர்கள், சூட்டில் கெட்டுத் தப்பான எண் காட்டும்.